கப்பல் காத்திருக்காது! சிங்கப்பூர் ஹோட்டலில் இருந்து குரூஸ் துறைமுகத்துக்கு பெட்டிகளோடு போவது எப்படி?

விமான டிக்கெட் எடுத்தாச்சு. விசா வந்தாச்சு. கப்பலில் அறையும் பதிவு செய்தாச்சு. தாத்தா, பாட்டி முதல் பேரன், பேத்தி வரை எல்லோரும் தயார். ஆனால், லிட்டில் இந்தியாவில் தங்கியிருக்கும் ஹோட்டலில் இருந்து கப்பல் நிற்கும் இடம் வரையிலான ஏழெட்டு கிலோமீட்டரைப் பற்றி மட்டும் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்று விடப்படும் வேலை அதுதான். பயணத்தின் முதல் டென்ஷனும் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சென்னை, திருச்சி, கோவை என்று தமிழ்நாட்டில் இருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானங்கள் இருக்கின்றன. இரண்டு நாள் ஊரைச் சுற்றிவிட்டு, அங்கிருந்து மூன்று அல்லது நான்கு இரவு கப்பலில் மலேசியா, தாய்லாந்து என்று போய்த் திரும்புவது இப்போது குடும்பங்கள் விரும்பும் டூர் திட்டமாகிவிட்டது. விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தைப் பிடிக்க ஏதாவது ஒரு வழி இருக்கும். கப்பலைத் தவறவிட்டால்? பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது. அடுத்த கப்பலும் கிடையாது. பல மாதச் சேமிப்பு கண்ணெதிரே கடலில் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அப்படி ஆகாமல் இருக்க, ஹோட்டல் வாசலில் இருந்து கப்பல் வாசல் வரை கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: எந்தத் துறைமுகம்?

சிங்கப்பூரில் குரூஸ் கப்பல்கள் புறப்படும் இடம் ஒன்றல்ல, இரண்டு. இதைத் தெரிந்துகொள்ளாமல் டாக்ஸியில் ஏறி, 'குரூஸ் சென்டர் போங்க' என்று மட்டும் சொன்னால் சிக்கல்தான்.

முதலாவது, மரினா பே குரூஸ் சென்டர். 2012-ல் திறக்கப்பட்டது. நகரின் தென்கோடியில், மரினா கோஸ்டல் டிரைவ் என்ற சாலையில் இருக்கிறது. 3,000, 4,000 பயணிகளை ஏற்றிச்செல்லும் பிரமாண்டமான கப்பல்கள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும்.

இரண்டாவது, சிங்கப்பூர் குரூஸ் சென்டர். இது ஹார்பர்ஃப்ரண்ட் பகுதியில், செந்தோசா தீவுக்கு எதிரே, விவோசிட்டி என்ற பெரிய ஷாப்பிங் மாலை ஒட்டி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இருந்து இயங்கிவரும் பழைய துறைமுகம் இது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போகும் ஃபெரி படகுகளும் இங்கிருந்துதான் கிளம்பும்.

ஏற்கெனவே ஒரு துறைமுகம் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அதற்குப் பதில் வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஹார்பர்ஃப்ரண்ட்டில் இருந்து செந்தோசாவுக்குப் போகும் கேபிள் கார், கப்பல்கள் வந்துபோகும் நீர்வழியின் மேலேதான் கடக்கிறது. 1983 ஜனவரி 29 அன்று, உயரமான எண்ணெய்த் துளையிடும் கப்பல் ஒன்றின் கோபுரம் அந்தக் கம்பிவடத்தில் சிக்கியது. கேபிள் கார் பெட்டிகள் கடலில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். சிங்கப்பூர் இன்றும் மறக்காத விபத்து அது. இந்தத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு 52 மீட்டர் என்ற உயரக் கட்டுப்பாடு உண்டு. இன்றைய அடுக்குமாடிக் கப்பல்கள் பல அதைவிட உயரமானவை. அதனால்தான் உயரத் தடை இல்லாத இடத்தில் மரினா பே துறைமுகத்தைக் கட்டினார்கள்.

பயணிகள் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரே நிறுவனத்தின் கப்பல்கள்கூட சில நேரம் ஒரு துறைமுகத்திலும், சில நேரம் இன்னொன்றிலும் நிற்கலாம். போன வருடம் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் இ-டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் துறைமுகத்தின் பெயரும் முகவரியும்தான் இறுதி. புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு, கப்பல் நிறுவனத்திடம் இருந்து ஏதாவது மின்னஞ்சல் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒரே மாதிரி பெயர்கள்... உஷார்!

மரினா பே என்ற பெயரில் சிங்கப்பூரில் நிறைய இடங்கள் இருக்கின்றன. மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் போன்ற தளம் கொண்ட மரினா பே சாண்ட்ஸ் ஒரு ஹோட்டல். அங்கே கப்பல் எதுவும் வராது. மரினா பே எம்.ஆர்.டி என்பது ஒரு ரயில் நிலையம். அங்கே இறங்கினாலும் துறைமுகம் இல்லை. மரினா சவுத் பியர் என்பது குசு, செயின்ட் ஜான்ஸ் போன்ற குட்டித் தீவுகளுக்குப் படகு கிளம்பும் இடம். குரூஸ் சென்டருக்கு அருகில்தான் இருக்கிறது என்றாலும், அதுவும் குரூஸ் சென்டர் அல்ல. போதாக்குறைக்கு, விமான நிலையம் இருக்கும் சாங்கி பக்கத்தில் தானா மேரா ஃபெரி டெர்மினல் என்று ஒன்று உண்டு. பிந்தான் தீவுக்குப் போகும் படகுகளுக்கான இடம் அது.

இதற்கு எளிமையான வழி, டிக்கெட்டில் இருக்கும் துறைமுகத்தின் முழுப்பெயரையும் முகவரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் வைத்துக்கொள்வது. டிரைவரிடம் வாயால் சொல்வதைவிட அதைக் காட்டுவது நல்லது.

நேரத்தைப் பின்னால் இருந்து எண்ணுங்கள்

'கப்பல் 5 மணிக்குத்தானே கிளம்புது, 4 மணிக்குப் போனால் போதும்' என்ற கணக்கு இங்கே எடுபடாது. பயணிகள் பட்டியலை முன்கூட்டியே அதிகாரிகளிடம் கொடுக்க வேண்டும் என்பதால், புறப்படும் நேரத்துக்கு 1 முதல் 2 மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வந்து, நிற்கும் கப்பலைக் காட்டிக் கெஞ்சினாலும் பலன் இருக்காது. பல நிறுவனங்கள், 'இந்த நேரத்தில் இருந்து இந்த நேரத்துக்குள் வாருங்கள்' என்று ஒவ்வொரு பயணிக்கும் தனி நேரமும் ஒதுக்குகின்றன.

உதாரணமாக, கப்பல் மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது, செக்-இன் 3.30-க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகளை ஒப்படைக்க, பாஸ்போர்ட் பார்க்க, பாதுகாப்புச் சோதனை, குடியேற்றச் சோதனை என்று வரிசைகளில் நிற்கவே கூட்டமான நாளில் இரண்டு மணி நேரம் வரை போய்விடும். ஆக, 1.30 மணிக்காவது துறைமுகத்தில் இருக்க வேண்டும். சாலையில் 20 நிமிடம், வண்டி வரும்வரை காத்திருக்க 20 நிமிடம், கடைசி நேரத்தில் 'பாத்ரூம் போய்ட்டு வந்துடறேன்' என்பவர்களுக்கு 20 நிமிடம். அப்படியானால், ஹோட்டல் லாபியில் எல்லோரும் கூட வேண்டிய நேரம் 12.30. ஹோட்டல்களில் செக்-அவுட் நேரம் பொதுவாக 11 அல்லது 12 மணிதான். கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

கப்பல் இரவில் கிளம்புகிறது என்றால், காலையில் அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பறையிலேயே ஒப்படைத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான ஹோட்டல்களில் அன்று மாலை வரை இலவசமாகவே வைத்துக்கொள்வார்கள். சின்ன ஹோட்டல் என்றால் முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போன் தானாக மாறிக்கொள்ளும். தாத்தாவின் கையில் இருக்கும் பழைய வாட்ச் மாறாது! ஊர் நேரம் காட்டும் அந்த வாட்ச்சை நம்பி யாரும் தனியாகக் கடைக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் சிங்கப்பூரில் வந்து இறங்கும்படி விமான டிக்கெட் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. விமானம் சில மணி நேரம் தாமதமானாலே எல்லாம் கைமீறிவிடும். ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டால் ஒரு இரவுக்கான ஹோட்டல் செலவு கூடும். அதற்குப் பதில் நிம்மதி கிடைக்கும்.

ஆளை மட்டுமல்ல, பெட்டியையும் எண்ணுங்கள்

வண்டி தேடும் முன் பெட்டிகளை எண்ணிப்பாருங்கள். ஊரில் இருந்து கிளம்பும்போது நான்கு பெட்டிகளாக இருந்தவை, முஸ்தபா சென்டருக்கு ஒரு நடை போய்வந்ததும் ஆறாகியிருக்கும். சாக்லேட், வாசனைத் திரவியம், தைலம், பேரனுக்குப் பொம்மை என்று வாங்கியதைத் திணிக்க, அங்கேயே ஒரு புது டிராலி பேக்கும் வாங்கியிருப்பார்கள்.

சிங்கப்பூரில் சாதாரண டாக்ஸியிலோ, காரிலோ 4 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். 'குழந்தையை மடியில் வச்சுக்கறோம், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்சீட்டில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போட்டாக வேண்டும். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகளும் ஒன்றிரண்டு சின்னப் பைகளும் அடங்கும். ஆக, 4 பேர், 4 பெரிய பெட்டி என்றாலே ஒரு கார் போதாது.

இதற்குச் சுலபமான தீர்வு, முஸ்தபா ஷாப்பிங்கை கப்பலில் இருந்து திரும்பிய பிறகு வைத்துக்கொள்வது. திரும்பி வந்து ஒரு இரவாவது சிங்கப்பூரில் தங்கும்படி திட்டமிட்டால், கப்பலுக்குத் தேவையான துணிமணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை அதே ஹோட்டலில் விட்டுச்செல்ல முடியுமா என்று கேட்கலாம். மீண்டும் தங்க வருபவர்களுக்குச் சில ஹோட்டல்கள் இந்த வசதியைச் செய்துகொடுக்கின்றன. நான்கு நாள் கப்பலுக்கு ஆளுக்கு ஒரு சின்ன டிராலி தாராளம்.

டாக்ஸியா, ஆப் காரா?

பெட்டிகளோடு போகிறவர்களுக்கு முதல் தேர்வு டாக்ஸிதான். லிட்டில் இந்தியாவில் இருந்து இரண்டு துறைமுகங்களுமே சாதாரணப் போக்குவரத்தில் 15 முதல் 25 நிமிடப் பயணம். நெரிசல் இல்லாத நேரத்தில் மீட்டர் கட்டணம் பொதுவாக 20 வெள்ளிக்குள் முடிந்துவிடும். (அங்கே தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். உங்களுக்கும் அந்தச் சொல் உதவும்.) வேலை நாட்களின் காலையிலும், மாலையிலும் மீட்டர் தொகையோடு 25 சதவிகிதமும், நள்ளிரவுக்கு மேல் 50 சதவிகிதமும் கூடும். சாலைச் சுங்கமான இ.ஆர்.பி கட்டணமும் பில்லில் சேரலாம். டிரைவர் ஏமாற்றுகிறார் என்று நினைத்து வாக்குவாதம் செய்ய வேண்டாம். எல்லாமே ரசீதில் வரும்.

கிராப் போன்ற ஆப்களில் கார் புக் செய்தால் எவ்வளவு என்று முன்பே தெரிந்துவிடும். ஆனால், மழை பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டணம் சட்டென்று ஏறும். நவம்பரில் இருந்து ஜனவரி வரை அங்கே பருவமழைக் காலம். மற்ற மாதங்களிலும் மதிய நேரத்தில் இடியுடன் மழை கொட்டுவது சகஜம். கப்பலுக்குக் கிளம்பும் நேரமும் மதியம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சின்னக் குழந்தைகளோடு போகும் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்கள் காரில் போகும்போது அவர்களுக்கு ஏற்ற குழந்தை இருக்கை இருக்க வேண்டும். டாக்ஸிகளுக்கு இதில் இருந்து விலக்கு உண்டு. ஆப் மூலம் வரும் தனியார் கார்களுக்கு விலக்கு இல்லை. அதனால், சாதாரண கிராப் காரை வரவழைத்துவிட்டு நான்கு வயதுக் குழந்தையோடு போய் நின்றால், டிரைவர் ஏற்ற மறுத்துவிட்டுப் போய்விடலாம். அவர்மேல் தப்பில்லை. அபராதம் அவருக்குத்தான் விழும். ஆப்பில் குழந்தை இருக்கையுள்ள காரைத் தனியாகத் தேர்வு செய்யுங்கள். அல்லது, டாக்ஸியையே கேளுங்கள்.

ஆறு பேர், ஆறு பெட்டி என்றால் 'மேக்சி கேப்' இருக்கிறது. ஆறேழு பேர் உட்காரக்கூடிய பெரிய வண்டி. இரண்டு சாதாரண டாக்ஸிகளுக்கு ஆவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். ஆனால், எல்லோரும் ஒன்றாகப் போகலாம். இந்த வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால், கிளம்பும் நேரத்தில் தேடாமல் ஒரு நாள் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். ஹோட்டல் வரவேற்பறையில் சொன்னாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். எத்தனை பேர் என்பதோடு எத்தனை பெட்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருக்கைகள் நிறைந்துவிட்டால், பின்னால் பெட்டிக்கான இடம் குறைந்துவிடும்.

இரண்டு வண்டிகளில் பிரிந்து போக நேர்ந்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. நம் வீடுகளில் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் அப்பா ஒரே பையில் போட்டு வைத்துக்கொள்வார். முதல் வண்டியில் அப்பா போய்விட்டு, இரண்டாவது வண்டி வழியில் சிக்கிக்கொண்டாலோ, வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டாலோ, அதில் இருப்பவர்கள் கையில் எந்த ஆவணமும் இருக்காது. வண்டியில் ஏறும் முன் அவரவர் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் அவரவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் இன்டர்நெட் வேலை செய்யும் போன் ஒன்றாவது இருக்கட்டும்.

எம்.ஆர்.டி ரயிலில் போகலாமா?

போகலாம். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, கூட வருபவர்கள் நன்றாக நடப்பவர்கள் என்றால் இதுதான் சிக்கனம். ஒருவருக்கு 2 வெள்ளிக்குள் முடிந்துவிடும். 0.9 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைகளுக்கு, பெரியவர்களோடு போகும்போது கட்டணம் கிடையாது.

ஹார்பர்ஃப்ரண்ட் துறைமுகம் என்றால் வேலை ரொம்ப எளிது. லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் இரண்டு நிலையங்களுமே ஊதா நிற வழித்தடத்தில் இருக்கின்றன. அதே வழித்தடத்தின் கடைசி நிலையம் ஹார்பர்ஃப்ரண்ட். வண்டி மாற வேண்டியதே இல்லை. ஏறி உட்கார்ந்தால் கடைசி ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து அறிவிப்புப் பலகைகளைப் பார்த்து நடந்தால் கட்டடத்துக்குள்ளேயே துறைமுகத்துக்குப் போய்விடலாம்.

மரினா பே குரூஸ் சென்டர் என்றால் ஒரு இடத்தில் மாற வேண்டும். ஊதா வழித்தடத்தில் ஏறி டோபி காட் நிலையத்தில் இறங்கி, சிவப்பு வழித்தடத்துக்கு மாறி, அதன் கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்க வேண்டும். இதற்கு முந்தைய நிலையத்தின் பெயர்தான் மரினா பே. பெயரைப் பார்த்து அவசரப்பட்டு அங்கேயே இறங்கிவிட வேண்டாம். மரினா சவுத் பியரில் இருந்து துறைமுகத்துக்கு சுமார் 10 நிமிட நடை. பெட்டியை இழுத்துக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் 15 நிமிடம். சிங்கப்பூரின் மதிய வெயிலிலும் புழுக்கத்திலும் அந்த 15 நிமிடம் முதியவர்களுக்குச் சிரமம். டோபி காட்டில் வண்டி மாறும் தூரமும் கொஞ்சம் அதிகம்தான்.

எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. பெட்டியோடு எஸ்கலேட்டரில் ஏறாமல் லிஃப்ட்டைத் தேடிப் போங்கள். நுழைவாயிலில் ஒரு கதவு மட்டும் அகலமாக இருக்கும். பெட்டிகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் அதுதான் வழி. வேலை நாட்களில் காலை 8 மணியை ஒட்டியும், மாலை 6 மணியை ஒட்டியும் ரயிலில் நிற்கவே இடம் இருக்காது. அந்த நேரத்தில் பெட்டிகளோடு போவதைத் தவிர்த்துவிடலாம்.

டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கத் தேவையில்லை. விசா, மாஸ்டர்கார்டு வகை கான்டாக்ட்லெஸ் கார்டையே வாயிலில் தட்டிவிட்டு உள்ளே போகலாம். ஆனால், ஒரு கார்டில் ஒருவர்தான் போக முடியும். நாலு பேருக்கு ஒரே கார்டைத் தட்ட முடியாது. நம் ஊர் வங்கி வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் கூடாது. மீறினால் 500 வெள்ளி வரை அபராதம். பேத்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் தடுத்துவிடுங்கள்.

சாலை மூடும் நாட்கள்

ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூட்டம் அலைமோதும். வாரம் முழுக்க உழைக்கும் தமிழ்நாட்டு, வங்கதேசத் தொழிலாளர்கள் நண்பர்களைச் சந்திக்க, ஊருக்குப் பணம் அனுப்ப, வாய்க்கு ருசியாகச் சாப்பிட வரும் நாள் அது. சிராங்கூன் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். அன்று மாலையில் கிளம்புவதாக இருந்தால் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி ஊர்வலம் போகும். அதற்காகச் சாலையில் தடங்களை ஒதுக்குவார்கள். தரிசனத்துக்கு அருமையான நாள், டாக்ஸி பிடிக்கக் கஷ்டமான நாள். ஆகஸ்ட் 9 தேசிய நாள் கொண்டாட்டம், மரினா பே பகுதியில் இரவில் நடக்கும் ஃபார்முலா 1 கார் பந்தயம் ஆகியவற்றின்போதும் நகரின் மையத்தில் பல சாலைகள் மூடப்படும். இப்படிப்பட்ட நாட்களில் ரயில்தான் கைகொடுக்கும்.

துறைமுகத்தில் இறங்கியதும்...

அந்தக் காலத்தில் சென்னையில் இருந்தும் நாகப்பட்டினத்தில் இருந்தும் 'ராஜுலா' கப்பலில் சிங்கப்பூர் போனவர்கள், டிரங்குப் பெட்டியைக் கண்ணைவிட்டு அகலாமல் பார்த்துக்கொண்டார்களாம். இன்றைய சொகுசுக் கப்பலில் பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். விமானத்தில் போடுவது போலத்தான்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, பெட்டியில் டேக் மாட்டுவது. கப்பல் நிறுவனம் அனுப்பும் இ-டிக்கெட்டிலேயே அறை எண்ணோடு டேக் இருக்கும். ஊரிலேயே பிரின்ட் எடுத்து, ஸ்டேப்ளரும் செல்லோடேப்பும் போட்டுக் கெட்டியாக ஒட்டிவிடுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு டேக். இரண்டு உபரியாக இருந்தாலும் நல்லது. டேக் இல்லாத பெட்டி எந்த அறைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

கொடுத்த பெட்டி உடனே அறைக்கு வந்துவிடாது. சில மணி நேரம் ஆகலாம். கப்பல் கிளம்பிய பிறகுகூட வரலாம். அதனால் பாஸ்போர்ட், பணம், நகை, போன் சார்ஜர், பவர் பேங்க், பெரியவர்களின் சுகர், பிரஷர் மாத்திரைகள், குழந்தைக்கு ஒரு மாற்று உடை, டயப்பர் ஆகிய எல்லாமே கைப்பையில்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டியில் வைத்து ஒப்படைத்துவிட்டு, குடியேற்ற கவுன்ட்டரில் போய்த் தேடினால், ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவில் அதைக் கண்டுபிடிக்க வேண்டிவரும்.

கப்பலில் அனுமதிக்காத பொருட்கள் விஷயத்திலும் நம் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது உண்டு. அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில், தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் கம்பி, ரைஸ் குக்கர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் விட மாட்டார்கள். சாமி கும்பிட எடுத்துவரும் ஊதுபத்தி, மெழுகுவத்தி, விளக்குக்கும் இதே கதிதான். நடுக்கடலில் தீ என்பது எவ்வளவு ஆபத்து என்பதை, சென்னை-சிங்கப்பூர் மார்க்கத்தில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985-ல் நடந்த தீ விபத்தே சொல்லும். வீட்டில் செய்த உணவு விஷயத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. பிரிக்காத பாக்கெட் தின்பண்டத்தைப் பொதுவாகத் தடுப்பதில்லை. இட்லிப்பொடி டப்பாவை எடுத்துவைக்கும் முன் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி கிடைக்கும். ஆனால், அதை அங்கே போய்க் கேட்பதைவிட, டிக்கெட் பதிவு செய்யும்போதே கேட்டு வைப்பதுதான் சரி. துறைமுகக் கட்டடம் மிகப் பெரியது. வாசலில் இருந்து கப்பல் ஏணி வரை நடக்க வேண்டிய தூரமும் நீளமானது.

திரும்பி வரும் நாள்

கப்பலில் கடைசி இரவு, பெட்டிகளைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். இரவே எடுத்துச்சென்று, காலையில் துறைமுகத்தில் அடுக்கி வைப்பார்கள். மறுநாள் காலையில் போட வேண்டிய உடை, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் பெட்டியைப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் நைட்டியோடும் லுங்கியோடும்தான் சிங்கப்பூரில் இறங்க வேண்டிவரும்! சின்னப் பெட்டிதான் என்றால், நாங்களே எடுத்து வருகிறோம் என்று சொல்லிவிடலாம். இறங்கியதும் தேடும் வேலை மிச்சம்.

இன்னொன்று, கப்பல் மலேசியாவுக்கோ, தாய்லாந்துக்கோ போய்த் திரும்புவதால், நீங்கள் இரண்டாவது முறையாக சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள். உங்கள் விசா பலமுறை நுழைவதற்கானதா என்பதை ஊரிலேயே உறுதி செய்ய வேண்டும். எஸ்.ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவத்தையும் மறுபடி நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்பலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் என்றால், அது அரசின் தளம் அல்ல.

ஒரே நேரத்தில் 3,000 பேர் இறங்குவதால் டாக்ஸி வரிசை நீண்டிருக்கும். அன்றே ஊருக்கு விமானம் என்றால், மதியத்துக்குப் பிறகு கிளம்பும் விமானமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். மரினா பேயில் இருந்து சாங்கி விமான நிலையத்துக்கு காரில் சுமார் 25 நிமிடம்தான். நேரமெல்லாம் துறைமுக வரிசையில்தான் போகும்.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

* டிக்கெட்டில் இருக்கும் துறைமுகத்தின் பெயர், முகவரி எல்லோர் போனிலும் இருக்கிறதா?
* செக்-இன் முடியும் நேரம் எது? அதில் இருந்து 3 மணி நேரம் முன்னதாக லாபியில் கூடச் சொல்லியாச்சா?
* ஆட்களோடு பெட்டிகளையும் எண்ணி வண்டி சொல்லியாச்சா? 1.35 மீட்டருக்குக் குறைவான குழந்தைகள் உண்டா?
* எல்லாப் பெட்டியிலும் டேக் ஒட்டியாச்சா?
* பாஸ்போர்ட் அவரவர் கையில், மருந்து கைப்பையில் இருக்கிறதா?
* அறையின் லாக்கரையும், ஃப்ரிட்ஜையும், சார்ஜர் செருகிய பிளக்கையும் கடைசியாக ஒருமுறை பார்த்தாச்சா?

இந்த ஆறு கேள்விகளுக்கும் 'ஆமாம்' என்றால், தைரியமாக டாக்ஸியை வரச்சொல்லலாம். பாட்டியை முன்சீட்டில் உட்காரவையுங்கள். போகும் வழியில் கடல் தெரிய ஆரம்பிக்கும் இடத்தை முதலில் பார்ப்பது அவராகத்தான் இருக்கும்.